தோளில் நாலு விரல்

அளவெட்டியில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க ஜெனிஸ் யாரிடமும் வழி கேட்கவில்லை. ஒழுங்கை தொடங்கும் இடத்தில் மின்கம்பத்தில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் பதாகையே யாருக்கும் வழி சொல்லும். அதைச் செய்தவனும் அவன்தான். பதினெட்டு நாள் வெயிலில் பதாகையின் சிவப்பு வெளிறிப் போயிருந்தது. நடுவில் பிரகலாதன் கறுப்புக் கோட்டும் நீலக் கழுத்துப்பட்டியுமாக முழித்துக்கொண்டிருந்தான். இருபத்தேழு வருச வாழ்க்கையில் அவன் ஒருநாளும் கோட்டுப் போட்டதில்லை. ஜெனிஸ் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி அச்சகத்தின் கணினியில் தலையில்லாத கோட்டு ஒன்று இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் சாகிற ஆண்களில் பாதிப்பேரின் தலை அந்த ஒரே கோட்டுக்குள்தான் போய் உட்காரும்.

படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றான். நாலு வருசமாக இந்தப் படலையை அவன் தாண்டியதில்லை. பிரகலாதனைச் சந்தியில் இறக்கிவிட்டு அப்படியே திரும்பிவிடுவான். செத்த வீட்டன்றுகூட ஹெல்மெட்டோடு ஒழுங்கையில் நின்றுவிட்டுத்தான் போனான். இன்றைக்கு வீட்டுக்காரரே கூப்பிட்டிருக்கிறார்கள், அச்சகப் பொடியன் என்று. ஹெல்மெட்டைக் கழற்றி மோட்டார் சைக்கிளில் மாட்டிவிட்டு உள்ளே போனான்.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் அந்தியேட்டியன்று வந்தவர்கள் கையில் ஒரு புத்தகம் கொடுத்தாக வேண்டும். அதில் தேவாரம் இருக்கும், வாழ்க்கை வரலாறு இருக்கும், தாய் புலம்பல், சகோதரர் புலம்பல், நண்பர் புலம்பல் என்று முறைப்படி எல்லாப் புலம்பலும் இருக்கும். நாலு வருசம் ஒருவனை உயிராக நினைத்தவனுக்கு மட்டும் அந்தப் புத்தகத்தில் பக்கம் கிடையாது. ஜெனிசுக்கு அது தெரியும். அவன் அழுவதற்கு வரவில்லை, படம் எடுக்க வந்திருந்தான்.

கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னவர் பிரகலாதனின் தாய்மாமன் கனகசபாபதி. தகப்பன் இல்லாத வீட்டில் எல்லாம் அவர் பொறுப்பு. அட்டைப் படம் என்று தன்னுடைய தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பிரகலாதன் கீரிமலைக் கேணிக்கரையில், தலை ஈரமாக, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். இடுப்புக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி யாரோ படத்தை வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஹெல்மெட் போட்ட ஒருவன். பிரகலாதனின் இடது தோளில், பின்னாலிருந்து வந்து விழுந்த ஒரு கையின் நாலு விரல்.

“உதிலை நிக்கிற ஹெல்மெட்காரனை வெட்டி எறியும் தம்பி. கையையும் எடுத்துப்போடும். பிள்ளை தனிய நிக்கவேணும்,” என்றார் கனகசபாபதி.

ஜெனிஸ் தலையாட்டினான். ஹெல்மெட்காரனிடமே ஹெல்மெட்காரனை வெட்டச் சொல்கிறார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அந்தப் படம் எடுத்த நாள் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. யாழ்ப்பாணம் என்பது பெரிய ஊர் மாதிரித் தெரிகிற சின்ன ஊர். யாருக்கு யார் சொந்தம் என்று சொல்லமுடியாது. அதனால் எங்கே போனாலும் அவன் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை. “நீ ஹெல்மெட்டோடை பிறந்தனியோ?” என்று பிரகலாதன் சீண்டுவான். யாழ்ப்பாணத்தில் இரண்டு பொடியங்கள் தோளில் கைபோட்டு நடந்தால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. ஆனால் இவர்கள் இரண்டு பேருக்கும் அது முடியாது. மனதில் கள்ளம் இல்லாதவர்களுக்குத்தான் அந்தச் சுதந்திரம். ஒருநாளும் பகல் வெளிச்சத்தில் பிரகலாதனின் தோளைத் தொட்டதாக அவனுக்கு நினைவில்லை. ஆனால் இதோ, படத்தில் கை இருக்கிறது. அப்படியென்றால் ஒருதரம் தொட்டிருக்கிறேன், மறந்துபோனேன் என்று நினைத்தான். பதினெட்டு நாளைக்குப் பிறகு முதல்தடவையாக அவன் நெஞ்சில் ஏதோ ஒன்று இளகியது.

தாய் கனகாம்பிகை வந்து பழைய அல்பங்களைக் கொடுத்தார். பிரகலாதனின் அறையைத் திறந்துவிட்டு, வெளிச்சம் அங்கேதான் நல்லாயிருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார்.

மத்தியானம் மூன்று மணி. எங்கோ நாலு வளவு தள்ளி யாரோ நாதஸ்வரம் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஊதினார்கள். அறைக்குள் கட்டில், மேசை, அலுமாரி. யன்னல் திறந்திருந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே ஈரத் துவாயைச் சுருட்டி மூலையில் போட்டு மறந்தது போல ஒரு மணம்.

அந்த மணம் ஜெனிசுக்குப் பழக்கமானது. பிரகலாதனின் சட்டையில் சில நாட்களில் அது இருக்கும். நன்றாக வெயிலில் காயவைத்த சட்டையிலும் இருக்கும். அப்படியான நாட்களில் அவன் பேசமாட்டான்.

அவர்கள் பழகியதே ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்கில், நோயாளர் காத்திருக்கும் வாங்கில்தான். ஜெனிஸ் தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டு, தன் ஊரான குருநகர் ஆட்கள் யாரும் கண்டுவிடக்கூடாது என்று மாதாவை வேண்டியபடி இருந்தான். பக்கத்தில் இருந்தவன் பத்திரிகையால் முகத்தை மறைத்திருந்தான். பத்திரிகை தலைகீழாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“உமக்கு உவர் எப்ப வந்தவர்?”

“ஆர்?”

“உவர்தான். நெஞ்சிலை ஏறி இருக்கிறவர். எனக்குப் பதினாலு வயசிலை வந்தவர். தேத்தண்ணி குடுத்தும் போறார் இல்லை.”

அன்றைக்கு இரண்டு பேரும் வாங்கில் குலுங்கிச் சிரித்ததைப் பார்த்து தாதி முறைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ‘உவர் வந்திட்டார்’ என்று ஒரு செய்தி வந்தால், மற்றவன் வேலையை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுப்பான். காலையில் கண்விழித்தால் பல் தீட்டப் போகிற ஏழு அடி தூரம் ஏழு மைலாகத் தெரிகிற வருத்தம் அது. அழுதால்கூட ஆறுதல். அழுகையும் வராது. ஒருவனுக்கு அது வரும்போது மற்றவன் பக்கத்தில் இருந்தான். அப்படித்தான் நாலு வருசம் ஓடியது. கடைசியாக அந்தச் செய்தி வந்தபோது ஜெனிஸ் அச்சகத்தில் அவசர வேலை ஒன்றில் இருந்தான். இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் பார்த்தான். திரும்பத் திரும்ப அழைத்தான், யாரும் எடுக்கவில்லை. அடுத்தநாள் காலை பதாகை அடிக்கச் சொல்லி வந்த ஓடரில் பெயரைப் படித்தான். வீட்டார் ‘அகால மரணம்’ என்று போடச் சொன்னார்கள். அவன் தானாகத்தான் போனான் என்று ஜெனிசுக்குத் தெரியும். முதலாளி சுரேஸ் அண்ணை பின்னால் நிற்க, பத்து நிமிடத்தில் தலையைக் கோட்டுக்குள் பொருத்திக் கொடுத்தான். மலர்வு என்று ஒரு திகதி, உதிர்வு என்று ஒரு திகதி.

மேசையில் அல்பத்தை விரித்து, ஒவ்வொரு படமாகத் தொலைபேசியில் பிடிக்கத் தொடங்கினான். பின்னால் கட்டில் மெல்லக் கிறீச்சிட்டது.

திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. மெத்தையின் தலைமாட்டுப் பக்கம், ஆள் இருந்து எழும்பின மாதிரி ஒரு பள்ளம். பழைய மெத்தை, பழைய பள்ளம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இன்னும் இரண்டு படம் பிடித்தான்.

மறுபடி கிறீச்சிட்டது.

பள்ளம் இப்போது கால்மாட்டில் இருந்தது. மேசைக்குக் கிட்ட.

நாதஸ்வரம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவன் கவனிக்கவில்லை.

மிச்சப் படங்களை நின்ற நிலையிலேயே பிடித்துமுடித்தான். தேத்தண்ணி குடிக்காமலே வெளிக்கிட்டான். கனகாம்பிகை படலைவரை வந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, தமையனைப் பார்த்துவிட்டுப் படலையைச் சாத்தினார்.

அடுத்தநாள் காலை பத்து மணிக்கு அச்சகத்தில் அட்டைப்படத்தைத் திறந்தான். பலாலி வீதியில் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாணவர்கள் நோட்ஸ் பிரதி எடுக்க நின்றார்கள். பயப்படுவதற்கு ஏற்ற இடமே இல்லை அது.

முதலில் தன்னையே வெட்டினான். அது சுலபமாக இருந்தது. ஹெல்மெட்டைச் சுற்றிக் கோடிழுத்து, ஒரு பொத்தானை அமத்த, நாலு வருசம் காணாமல் போனது. கைதான் கஷ்டப்படுத்தியது. விரல்களுக்குக் கீழே சட்டை கசங்கியிருந்தது. பக்கத்திலிருந்து சட்டைத் துணியை எடுத்து எடுத்துப் பூசி, சுண்டுவிரலை மறைத்தான். மோதிரவிரலை மறைத்தான். என் கையால் என் கையை அழிக்கிறேன் என்று நினைத்தபோது கண் கலங்கியது. நடுவிரல் போனது. சுட்டுவிரல் மட்டும் தோளில் தனியாகக் கிடந்தது. அதையும் மறைத்தான்.

“வடிவா எடுத்திட்டாய்,” என்றார் பின்னால் வந்த சுரேஸ் அண்ணை. “கை இருந்த இடமே தெரியேல்லை.”

பிறகு உள்பக்கங்களுக்கான படங்களைப் பெரிய திரையில் விரித்தான். பால் குடிக்கிற பிரகலாதன், ஏடு தொடக்கிய பிரகலாதன், பத்து வயதில் சைக்கிளோடு பிரகலாதன். எல்லாம் சரி. அடுத்தது பள்ளிக்கூட கிரிக்கெட் அணி. பதினாலு வயது. பின்வரிசையில் கடைசியாக, ஓரத்தில் நின்றான். அவனுக்கு இடதுபக்கம் யாருமே இல்லை, மதிலும் வேப்பமரமும்தான்.

இடது தோளில் நாலு விரல் இருந்தது.

ஜெனிஸ் படத்தைப் பெருப்பித்தான். விரல் நகம்வரை தெரிந்தது.

அடுத்த படம். பதினாறாவது பிறந்தநாள். கேக் மேசைக்குப் பின்னால் தனியாக நிற்கிறான். தோளில் நாலு விரல். உயர்தரச் சோதனை முடிந்து மாமாவின் காரில் சாய்ந்து நிற்கிற படம். நாலு விரல். பட்டமளிப்பு விழா. கறுப்பு அங்கி தோள்மாட்டில் கசங்கியிருந்தது. வயது கூடக் கூட விரல்கள் இறுக்கிக்கொண்டே வந்தன.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பஸ் ஒன்று போனது. அதன் சத்தம் அவன் காதில் விழவில்லை.

கீரிமலைப் படத்தின் முழுவடிவம் அவனிடம் இருந்தது. அன்றைக்கு அங்கே வந்த யாத்திரிகர் ஒருவர் எடுத்துக் கொடுத்தது, வெட்டாதது. தொலைபேசியில் தேடி எடுத்தான். இடுப்புக்குக் கீழேயும் தெரிந்தது. ஹெல்மெட்டோடு நின்ற அவனுடைய வலது கையில் பிரகலாதனின் செருப்பு. குளிக்க இறங்கும்போது கொடுத்தது.

இடது கையில் அவனுடைய துவாய்.

இரண்டு கையும் கீழே இருந்தன.

ஜெனிஸ் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான். திரும்பத் திரையை நிமிர்ந்து பார்த்தபோது கிரிக்கெட் அணிப் படத்தில் பிரகலாதனின் தோளில் ஒன்றும் இல்லை. பிறந்தநாள் படத்தில் இல்லை. பட்டமளிப்பில் அங்கி கசங்காமல் நேராக விழுந்திருந்தது. தொலைபேசியைப் புரட்டினான். அதிலும் இல்லை. பதின்மூன்று வருசம் இருந்த இடத்தைவிட்டு அது எழும்பிப் போயிருந்தது.

ஈரத் துவாயின் மணம் வந்தது.

அவனுடைய இடது தோள் மெல்லக் கனத்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை அவனால் ஒழுங்காகச் சொல்லமுடியாது. வேலைக்குப் போனான், வந்தான். மருந்துப் பெட்டி திறக்காமல் கிடந்தது. கிளினிக் நாள் வந்து போனது. அந்த வாங்கில் தனியாக இருக்க அவனுக்குத் துணிவில்லை. குருநகரிலிருந்து தாய் அழைத்து, மாதாவுக்கு நவநாள் செபம் செய், எல்லாம் பறந்துபோகும் என்றார். கூடவே, மாதகலில் ஒரு பிள்ளை இருக்கு, குடும்பம் நல்ல குடும்பம் என்றும் சொன்னார். ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு வைத்தான். முன்பென்றால் ‘உவர் வந்திட்டார்’ என்று ஒருவனுக்கு அனுப்பலாம். இப்போது அனுப்புவதற்கு ஆளில்லை. ஒருநாள் பழக்கதோசத்தில் அந்த இலக்கத்துக்கே எழுதி அனுப்பிவிட்டு, ஒற்றைச் சரிக்குறி மட்டும் விழுந்ததைப் பார்த்துக்கொண்டு விடியும்வரை இருந்தான்.

அவன் முடிவெடுத்துவிட்டான் என்றுதான் சொல்லவேண்டும். முப்பத்தோராம் நாள் புத்தகங்களை வீட்டில் இறக்குவது. அங்கிருந்து கீரிமலைக்குப் போவது. திரும்பி வராமல் இருப்பது. முடிவெடுத்தபோது பயம் இருக்கும் என்று எதிர்பார்த்தான். ஒன்றும் இல்லை. தோளில் இருந்தது ஒருமுறை தட்டிக்கொடுத்தது, நல்ல பிள்ளை என்று தட்டுவதுபோல.

அன்றைக்கு அந்தியேட்டி முடித்துக் கீரிமலையிலிருந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். வீடு நிறைய ஆட்கள். முந்நூறு புத்தகத்தையும் விறாந்தை மேசையில் அடுக்கிவிட்டு, கனகசபாபதியிடம் சொல்லிக்கொண்டு ஜெனிஸ் படலைப் பக்கம் திரும்பினான்.

“தம்பி, ஒருக்கால் குசினிப்பக்கம் வாரும்.”

கனகாம்பிகை கையில் ஒரு புத்தகம் இருந்தது. ஆட்கள் இல்லாத பின்கதவடியில் நின்று, அட்டையில் மகனின் இடது தோளைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் மை மங்கத் தொடங்கியிருந்தது. எவ்வளவு நேரமாகத் தேய்த்திருப்பாரோ தெரியாது.

“உதிலை ஒரு கை இருந்தது,” என்றார்.

“ஐயா அழிக்கச் சொன்னவர், அம்மா.”

“தெரியும். நான் அவருக்கு முன்னாலை வாய் திறக்கேல்லை. அது என்ரை பிழை.” அவர் குரல் தணிந்தது. “நீர் வந்து போகுமட்டும் நான் அந்தப் படத்தைப் பாத்துத்தான் நித்திரை கொண்டனான். என்ரை பிள்ளை தனிய இருக்கேல்லை, ஆரோ ஒருத்தன் அவன்ரை தோளிலை கை வைச்சிருந்தவன் எண்டு. சின்ன வயசுப் படங்களிலையும் அப்பிடி ஒரு கை இருக்கும். ஆரெண்டு கேட்டால் சொல்லமாட்டான். நானும் கேக்கிறதை விட்டிட்டன். உமக்குத் தெரியுமோ தம்பி, அது ஆரின்ரை கை?”

குசினிக்குள் சோற்றுப்பானை மூடி ஆவியில் துள்ளிக்கொண்டிருந்தது. ஜெனிஸ் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தான். உண்மை அவன் வாயில் இருந்தது. அது யாருடைய கையும் இல்லை அம்மா, பதினாலு வயதிலிருந்து உங்கள் பிள்ளையை அமத்திக்கொண்டிருந்தது அதுதான், நீங்கள் அதைத்தான் துணையென்று நினைத்தீர்கள். இதை எந்த வாயால் சொல்வது? இதைக் கேட்டபிறகு அந்த மனுசி எதைப் பிடித்துக்கொண்டு உயிர்வாழ்வது?

“என்ரை கை, அம்மா,” என்றான்.

சொன்ன கணம், இடது தோளில் இருந்தது அசைந்து தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டது. சொந்த வீட்டில் சாய்ந்து இருப்பவரைப்போல.

கனகாம்பிகை அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“ஹெல்மெட்?”

“நான்தான்.”

“செத்த வீட்டண்டும் ஒழுங்கையிலை நிண்டனீர்.”

“ஓம்.”

“எத்தினை வருசம்?”

“நாலு.”

கனகாம்பிகை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அவனைக் குசினிக்குள் கூட்டிப்போய் இருத்தி, வாழையிலை போட்டு, பிரகலாதனுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பை ஊற்றினார். பதின்மூன்று நாளாக வாயில் எதுவும் ருசிக்காதவன் அழுது அழுது சாப்பிட்டான். வெளியே யாரோ பந்தியில் சோறு கேட்டுக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. கைகழுவப் போகும்போது அவனுடைய தொலைபேசி இலக்கத்தையும் அறை விலாசத்தையும் கேட்டு, சுவரில் தொங்கிய கலண்டரின் ஓரத்தில் பெரிதாக எழுதினார்.

“ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறுமணிக்கு எடுப்பன். நீர் எடுக்கவேணும். எடுக்காட்டி நான் பஸ் ஏறி வந்திடுவன்.”

ஜெனிஸ் அன்று கீரிமலைக்குப் போகவில்லை. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறுமணிக்கு ஒருவர் அழைப்பார், அதை எடுக்க ஆள் இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

இப்படியே ஐந்து கிழமை போனது. ஆறு மணிக்கு அழைப்பு வரும். சாப்பிட்டீரோ, என்ன கறி, குளிச்சீரோ என்று மூன்று கேள்விகள். பிறகு பிரகலாதனின் சின்ன வயதுக் குழப்படி ஏதாவது ஒன்று. இன்றைய ஆறுமணியிலிருந்து நாளைய ஆறுமணிவரை எப்படியாவது இழுத்துப்பிடிப்பது என்று ஜெனிஸ் தன் வாழ்க்கையைத் துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொண்டான். குளித்தீரோ என்று அவர் கேட்பார் என்பதற்காகவே குளித்தான். ஆனால் தோளில் இருந்தது போகவில்லை. சட்டையைக் கழற்றினால் இடது தோளில் நாலு இடம் மங்கலாகச் சிவந்திருக்கும். துவைத்துக் காயவைத்த சட்டையிலும் அந்த மணம் இருந்தது. சுகமோ என்று கனகாம்பிகை கேட்கும்போதெல்லாம் சுகம் என்றே சொன்னான். அந்தக் கை தன்னுடையது என்று ஒருமுறை சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு எதையும் மாற்றிச் சொல்ல அவனுக்கு வழி தெரியவில்லை. பிரகலாதனும் இந்தத் தாயிடம் இப்படித்தான் பதின்மூன்று வருசம் சுகம் சுகம் என்று சொல்லியிருப்பான்.

அன்று வியாழக்கிழமை. அவன் வேலைக்குப் போகவில்லை. காலையிலிருந்து கட்டிலைவிட்டு எழும்பவில்லை. பின்னேரம் வாடகை அறையின் யன்னலில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தபோது, ஆறுமணி அழைப்பை எடுத்துவிட்டு வெளிக்கிடுவோம் என்று நினைத்தான். எங்கே என்று தனக்குத்தானே சொல்லவில்லை. தோளில் இருந்தது தட்டிக்கொடுத்தது.

அறையில் அவன் மட்டும்தான் இருந்தான். முதுகுக்குப் பின்னால் வெறுஞ்சுவர்.

ஆறுமணிக்குத் தொலைபேசி அடித்தது. இன்றைக்கு வீடியோ அழைப்பு. திரையில் கனகாம்பிகையின் நெற்றியும் பாதி மூக்குக்கண்ணாடியும் மட்டும் தெரிந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளை நிவேதனா இதைப் பழக்கிவிட்டாள் என்றும், இனிமேல் முகம் பார்த்துக் கதைக்கலாம் என்றும் சந்தோசமாகச் சொன்னார். தொலைபேசியைத் தள்ளிப்பிடித்து, கண்ணைச் சுருக்கி, அவனை நன்றாகப் பார்த்தார்.

அவர் முகம் மலர்ந்தது.

“நல்லது தம்பி. நான்தான் வீணாய் யோசிச்சுக்கொண்டு இருந்தனான். கூட்டாளி ஒருத்தர் வந்திருக்கிறார் போலை.”

ஜெனிஸ் பின்னால் திரும்பிப் பார்த்தான். சுவர்தான் இருந்தது.

“ஆர் அவர்? முகத்தைக் காட்டச் சொல்லும். தோளிலை கை மட்டும்தான் தெரியுது.”

திரையின் மூலையில் சின்னப் பெட்டிக்குள் அவனுடைய முகம் இருந்தது. தாடி வளர்ந்த, ஐந்து நாளாகத் தூங்காத முகம். அதற்குக் கீழே, இடது தோளில், பின்னாலிருந்து வந்து விழுந்த நாலு விரல். நகம்வரை தெரிந்தது.

“ஆரும் பக்கத்திலை இருந்தால் சரி,” என்றார் கனகாம்பிகை. குரலில் அவ்வளவு நிம்மதி. “அப்ப நான் வைக்கிறன். நீங்கள் கதையுங்கோ.”

“வைக்காதேங்கோ.”

“என்ன தம்பி?”

“அம்மா, வைக்காதேங்கோ.” விரல்கள் இறுகின. ஒவ்வொரு சொல்லையும் சேற்றிலிருந்து காலை இழுப்பதுபோல இழுத்துச் சொன்னான். “இந்த அறையிலை ஆரும் இல்லை. நான் மட்டும்தான். அது என்ரை கை இல்லை. அண்டைக்கு உங்களுக்குப் பொய் சொன்னனான். பிரகலாதன்ரை தோளிலை இருந்ததும் உதுதான். எனக்கு ஏலாமல் இருக்கு அம்மா. நான் இண்டைக்குப் போறதுக்கு இருந்தனான்.”

கனகாம்பிகையின் முகத்திலிருந்த நிம்மதி அப்படியே நின்று, பிறகு மெல்ல மெல்லக் கரைந்தது. பதின்மூன்று வருசப் படங்கள் ஒவ்வொன்றாக அவர் கண்ணுக்குள் ஓடியிருக்கவேண்டும். ஆனால் அவர் அழவில்லை.

“நான் வைக்கேல்லை,” என்றார். “நீர் கதவைத் திறந்துவிட்டு அதிலை இரும். இவள் நிவேதனா ஓட்டோ பிடிக்கப் போறாள். வந்து சேருமட்டும் நான் கதைச்சுக்கொண்டே வாறன். என்னைப் பாரும். வேறை எங்கையும் பாக்காதையும்.”

அவன் எழும்பிக் கதவைத் திறந்தான். வாசற்படியில் இருந்தான். எதிர்வீட்டு வானொலியில் செய்தி போய்க்கொண்டிருந்தது. திரையில் ஒழுங்கையும் மதிலும் வானமும் ஆடி ஆடி, ஓட்டோவின் இரைச்சல் கேட்டது. இருக்கிறீரோ, இருக்கிறீரோ என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே அவர் வந்தார். இருக்கிறன் என்று அவன் சொல்லிக்கொண்டேயிருந்தான்.

மல்லாகம் தாண்டும்போது அவர் தொலைபேசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். அவருடைய பெருவிரல் பெரிதாகி வந்து, திரையில் அவன் தோள் இருந்த இடத்தில் அமர்ந்தது. அட்டைப்படத்தைத் தேய்த்த அதே பெருவிரல். அழுத்தி அழுத்தித் தேய்த்தார்.

ஓட்டோ இரைச்சலுக்குள் அவர் குரல் மெல்லியதாகக் கேட்டது.

“உது போகுதில்லையே, தம்பி.”